இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள், அண்ணன், பெரியவன், சின்னவள் நால்வரும் சுகம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே என் முதுகைத் தவிர எல்லாம் சுகம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் உங்களைக் கேட்டால் அண்ணன் பதில் சொல்கிறார். போன தடவை உங்கள் தலைவலி எந்தப் பக்கம் என்பதைக்கூட அவர்தான் சொன்னார். தபால் பிரிக்க அவருக்குச் சோம்பல். அதனால் காகிதம்தான் நமக்குப் பத்திரம்.

விஷயம் இதுதான். இயக்குநர் ஒரு புது வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நம் கிரேன் கம்பெனியின் ஏழு கிளைகளிலும் இருக்கிற சட்டக் குழுக்களைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வைக்க வேண்டுமாம். ஒப்பந்தத்தைப் படித்துச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் அந்த ஏஐயை வாங்கிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஒருத்தரும் தொடவில்லை. போன மாதம் நாற்பத்து மூன்று வக்கீல்களும் சேர்ந்து கேட்டது முப்பத்தொரு கேள்வி. அதில் ஒன்பது, "நீ யார்?"

நீங்கள் ஒரு கிளையில் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நீங்களாவது பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. ஜூலையில் உங்கள் தகுதிகாண் காலம் முடிகிறது. நாம் உறவு என்பது இயக்குநருக்குத் தெரியும். உங்களை நிரந்தரமாக்குவதில் நான் வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் திறந்திருக்க மாட்டேன். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

வாலு

*

ஜனவரி 21

அன்புள்ள வாலு,

உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது? பெரிய அதிகாரி ஆனாலும் நாற்காலியில் காலை மடக்கித்தான் உட்காருவாய் என்று எனக்குத் தெரியும். காலைத் தொங்கப் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு இரண்டு முன்பல் விழுந்திருக்கிறது, அதனால் வீட்டில் யார் பேசினாலும் சிரிக்கிறாள்.

ஏன் தொடவில்லை என்று கேட்டாயே. வேலை போய்விடும் என்ற பயம் என்று நினைக்கிறாயா? அது உன் தலைமை அலுவலகத்தில் இருக்கலாம். இங்கே கதை வேறு. எங்கள் அறையில் ஆறு பேர். குழுத் தலைவர், நாங்கள் ஐந்து வக்கீல்கள். ஆறு பேருக்கும் தினம் பத்துச் சந்தேகம் வரும். ஆனால் "தெரியாது" என்ற சொல்லை நான் சேர்ந்ததிலிருந்து இந்த அறையில் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொருத்தர் மேசைக்குப் போவார்கள். "கஸ்டமர் ஒருத்தர் கேக்கறார்" என்று ஆரம்பிப்பார்கள். கஸ்டமரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. கேட்கப்படுகிறவருக்கும் அது தெரியும். பதில் சொல்லிவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுப்பார்.

உன் ஏஐயிடம் போக எந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போவது? கேட்டது கேட்டபடி பெயரோடு பதிவாகிறது. அதுதான் விஷயம்.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இருபத்தேழு வருட சர்வீஸ். எந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தாலும் முதலில் அரைப்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதனால் அறையில் அவர் பெயரே அரைப்புள்ளி. அவர் ஏஐக்கு "புது ஜூனியர்" என்று பட்டம் வைத்திருக்கிறார். ஜூனியரிடம் சீனியர் சந்தேகம் கேட்பாரா?

நான் கேட்கிறேன். எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இழக்க என்ன மரியாதை? எனக்கு ஜன்னலோர மேசை கிடைத்திருக்கிறது, நல்ல வெளிச்சம், தொந்தரவே இல்லை. கிரேன் வாடகை ஒப்பந்தப் புதுப்பிப்புகள் மட்டும்தான் என்னிடம் வருகின்றன. மெல்ல மற்றதும் வரும்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் போடு.

அண்ணி

*

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

பல் விழுந்த சிரிப்பைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், முளைத்தபின் கேட்டாலும் கிடைக்காது. நான் நலம். ஒத்தடம் கொடுத்தேன், கேட்டது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கூச்சம்தான் பிரச்சினை என்றால் கூச்சத்தைப் பெருமையாக்கிவிட்டால் போயிற்று! ஒரு கேள்விப் பலகை தொடங்கியிருக்கிறேன். மாதா மாதம் யார் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று ஏழு கிளைக்கும் பட்டியல் போகும். காலாண்டில் அதிகம் கேட்டவருக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடிதம். இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஜனவரியில் உங்கள் கிளையில் மொத்தம் எட்டுக் கேள்வி. எட்டும் நீங்கள் கேட்டவை. எண்ணிக்கை மட்டும்தான் நான் பார்த்தேன். மற்றவர்களையும் கொஞ்சம் கிளப்பிவிடுங்கள் அண்ணி.

உங்கள் தலைவலி எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்கள்.

வாலு

*

மார்ச் 6

அன்புள்ள வாலு,

தலைவலி இடது பக்கம். உன் அண்ணன் வலது பக்கம் என்று சொல்லியிருப்பார். பிள்ளைகள் சுகம். அவருக்கு மூட்டு வலி, மாடிப்படியைக் கண்டால் திட்டுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே என் மேசைக்கு இப்போது நல்ல நடமாட்டம். பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது. தேநீர்க் கோப்பை வைக்க இடமில்லை என்று என் பூந்தொட்டியைக் கீழே இறக்கிவிட்டேன். உன் ஏஐயைச் சோதித்துப் பார்ப்பதில் எல்லோருக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. நேற்று அரைப்புள்ளியே வந்து உட்கார்ந்தார். "சும்மா கேட்டுப் பாரும்மா, என்ன உளறுதுன்னு பார்க்கலாம்" என்றார். உளறவில்லை. ஒரு இடத்தில் மட்டும் ரத்தான விதியைச் சொன்னது. நான் எடுத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தலை ஆட்டுவது பெரிய விஷயம்.

போன வாரம் இன்னொருவர், தன் கோப்பை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "கோப்புதானே" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி, அப்புறம்தான் உடம்பு விசாரணை. முதல் காலாண்டில் ஏழு கிளைகளிலும் முதல் இடம் நீங்கள்தான்! நூற்று அறுபத்தெட்டுக் கேள்வி. இரண்டாவதாக வந்தவர் இருபத்தாறு. பாராட்டுக் கடிதம் தனியே வரும். சட்டம் போட்டு மாட்டுங்கள்.

உங்கள் கிளையில் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கேட்டது பூஜ்யம் என்பதுதான் இடிக்கிறது. ஆர்வம் வந்துவிட்டது என்றீர்களே? போகட்டும், ஒருவர் தொடங்கினால் மற்றவர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறேன். இயக்குநர், அந்தக் கேள்விகள் எப்படி இருக்கின்றன, மற்ற கிளைகளுக்கு மாதிரியாகக் காட்டலாமே, பட்டியலை எடுத்துக் கொடுங்கள் என்றார். கொடுத்திருக்கிறேன்.

எல்லோரும் நலம்தானே? அண்ணன் மூட்டுக்கு ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படியைத் திட்டினால் படி குறையாது.

பெருமையோடு,
வாலு

*

மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பாராட்டுக் கடிதம் வந்து சேர்ந்ததா? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒரு மாதமாக எழுதவில்லை. இங்கே கொஞ்சம் வேலை.

அங்கே வேலை கடினமாக இருக்கிறதா? எட்டு வருடத்தில் சட்டம் எவ்வளவோ மாறியிருக்கும், யாருக்கும் கஷ்டம்தான். ஏதாவது புத்தகம் வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். சின்னதாக ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, சனிக்கிழமைகளில். கௌரவம் பார்க்காமல் சேரலாம்.

நன்றாகத் தூங்குகிறீர்களா? தலைவலி எப்படி?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

*

மே 20

வாலு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ நலமில்லை.

ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று தடவை என் உடம்பை விசாரித்திருக்கிறாய். அண்ணனைப் பற்றி ஒரு கிண்டல் இல்லை. சனிக்கிழமை வகுப்பு என்கிறாய், கௌரவம் என்கிறாய். உன்னைப் பத்தொன்பது வயதிலிருந்து எனக்குத் தெரியும். கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, "அண்ணி, உங்களுக்கு ஜாடி பிடிக்குமா?" என்று கேட்டவள் நீ.

என்ன உடைந்தது? நேராக எழுது.

அண்ணி

*

மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நேராகவே எழுதுகிறேன். உடைத்தது நான்தான்.

நான் கொடுத்த பட்டியலை இயக்குநர் மாதிரிக்காகப் படிக்க ஆரம்பித்தார். நாற்பது கேள்விகளைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாக வாசித்தார். ஈட்டுறுதிக்கும் உத்தரவாதத்துக்கும் என்ன வித்தியாசம். கிரேனோடு ஆளையும் அனுப்பினால் அவர் யாருடைய பணியாளர். கெடு தேதி விடுமுறையில் விழுந்தால் என்ன ஆகும். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுகூட தெரியாதவங்களையா வக்கீல்னு வெச்சிருக்கோம்? இவங்களுக்கா நான் பாராட்டுக் கடிதம் கொடுத்தேன்?"

கேள்வி கேட்பது நல்லது என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னவர் அவர்தான். நானும் பதிலுக்கு அதைத்தான் சொன்னேன். கேட்கட்டும், ஆனால் கேட்கிற தரம் வேண்டாமா என்றார். உங்களை நிரந்தரமாக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். முறைப்படி உங்கள் குழுவின் கருத்தைக் கேட்டு, முழுப் பட்டியலையும் இணைத்து ஜூனில் தாள் அனுப்புவார்.

ஒரு மாதமாக இதை உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பலகை என் யோசனை. பட்டியல் என் கையால் போனது.

அண்ணி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விகள் எல்லாமே உங்களுடையவையா?

பிள்ளைகளுக்கு என் அன்பு.

வாலு

*

ஜூன் 7

அன்புள்ள வாலு,

எல்லோரும் நலம். நீ அழுதுகொண்டு எழுதியது தெரிகிறது, மை கலைந்திருக்கிறது. அதை நிறுத்து.

என் பெயரில் போன கேள்வி என் கேள்வி. உன் இயக்குநருக்கு அதுதான் பதில், உனக்கும் அதுதான் பதில்.

உனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் யார், எதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஏஐயைச் சோதிப்பதுபோலக் கேட்டார்கள். அது சோதனை இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். என்னை நம்பித்தான் கேட்டார்கள். கட்சிக்காரர் நம்பி வந்து சொன்னதை வக்கீல் வெளியே சொல்லலாமா? இவர்கள் எனக்குக் கூலி கொடுக்கவில்லை என்பதால் ரகசியம் ரகசியம் இல்லாமல் போகாது. நீயும் ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உன்னோடு பேச மாட்டேன், இது மிரட்டல்தான்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். பொய். இந்த வேலை எனக்கு வேண்டும், வாலு. காலையில் பை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது எனக்கு இருக்கிற சந்தோஷத்தை உன் அண்ணனிடம்கூட நான் சொன்னதில்லை. வீட்டில் இருந்த எட்டு வருடத்தில் வருத்தமில்லை. அதற்குத் திரும்பிப் போவதென்றால் பயமாக இருக்கிறது.

முதுகைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூன் 26

அன்புள்ள வாலு,

சுகம். உன் அண்ணன் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் சொன்னதற்கு இவரே பதிலும் சொல்லிவிட்டு வந்தார்.

தாள் வந்துவிட்டது. எங்கள் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. அறையை விட்டு வெளியே போகிற எந்தத் தாளும் ஆறு மேசைக்கும் சுற்றி ஆறு சுருக்கொப்பம் வாங்கிய பிறகுதான் போகும். இது என்னைப் பற்றிய தாள் என்பதால் என் மேசையை மட்டும் தாண்டிச் சுற்றியது. பட்டியல் மட்டும் ஒன்பது பக்கம், இதுவரை என் பெயரில் போன இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி. தலைவர் மேசையில் அரை நாள், அரைப்புள்ளி மேசையில் ஒரு நாள், மற்ற மூவரிடம் ஒன்றரை நாள். எல்லோரும் கையில் பென்சில் வைத்துக்கொண்டு படித்தார்கள். அந்த மூன்று நாளும் என் பக்கத்து நாற்காலிகளில் ஒருத்தரும் உட்காரவில்லை. யாரும் என்னிடம் தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

இன்று தாள் தலைவர் மேசைக்குத் திரும்பிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தேன். சுருக்கொப்பம் ஒன்றுகூட இல்லை. ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. குற்றம் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வலிக்கிறது. என் மேசை இழுப்பறையைக் காலி செய்து பையில் வைத்துக்கொண்டேன். பூந்தொட்டி கனம், அதை நாளை உன் அண்ணன் வந்து தூக்குவார்.

நீ நேரத்துக்குத் தூங்கு.

அண்ணி

*

ஜூலை 4

என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமலே ஆரம்பிக்கிறேன், மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் எனக்குத் திங்கள்கிழமை கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, ஒன்று நடந்துவிட்டது. நீங்கள் பூந்தொட்டியைத் தூக்க அண்ணனைக் கூட்டிப் போன அதே நாள். காலை பத்து மணிக்கு உங்கள் கிளையில் ஒருவர் தன் சொந்த லாகினில் முதல் முறையாக உள்ளே வந்தார். அரைப்புள்ளி. இருபத்தேழு வருட சர்வீஸ்காரர் தன் பெயரில் கேட்டார்: ஈட்டுறுதிக்கும் உத்தரவாதத்துக்கும் என்ன வித்தியாசம்? பதில் வந்ததும் அடுத்தது. அதற்கடுத்தது. மொத்தம் எழுபத்து நாலு. எல்லாம் உங்கள் பட்டியலில் இருப்பவை, எழுத்துக்கு எழுத்து, அரைப்புள்ளி மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு மற்ற மூவரும் வந்தார்கள். மத்தியானம் தலைவர். ஐந்து மணிக்கு இருநூற்று ஒரு கேள்வி ஐந்து பெயர்களில் பதிவாகியிருந்தது. பென்சில் எதற்கு என்று இப்போது தெரிகிறதா? அவரவர் கேள்வியை அவரவர் டிக் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

அதன்பின் தாளில் ஐந்து சுருக்கொப்பம் போட்டு, "எங்கள் கருத்தைப் பதிவில் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். வக்கீல் புத்தி! மன்னிப்பு என்றோ நன்றி என்றோ ஒரு வார்த்தை இல்லை.

பதிவை நான் இயக்குநர் மேசையில் வைத்தேன். ஐந்து பெயர்களையும் விரல் வைத்து எண்ணினார். "அஞ்சு பேரையும் அனுப்பிட்டா கிரேனை யார் பார்க்கிறது?" என்றார், யாரையோ கேட்பதுபோல. பிறகு உங்கள் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். தபாலில் வருகிறது. இனிமேல் பதிவில் பெயர் இருக்காது, பலகையும் கிடையாது. நானே கேட்டு வாங்கினேன். மனிதர்கள் கேட்பதை எண்ணிக் காட்டினால் கேட்பார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் மட்டும் உங்கள் கிளையிலிருந்து ஐம்பத்திரண்டு கேள்வி வந்திருக்கிறது. யார் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

சந்தோஷமாகக் கடிதத்தை இங்கே முடித்திருக்கலாம். முடியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றொன்று போனால் மீதி பதினொன்று. யாரும் டிக் போடாதவை. அவைதான் நிஜமாகவே உங்களுடையவை. இயக்குநர் கோடு போட்ட நாற்பதைத்தான் நான் இதுவரை படித்திருந்தேன். நேற்றுத்தான் இந்தப் பதினொன்றைப் படித்தேன். பத்து கெட்டிக்கார வக்கீலின் கேள்விகள், எனக்கே பதில் தெரியாது. பதினொன்றாவது ஜனவரி 20, மத்தியானம் ஒன்று பத்து, சாப்பாட்டு நேரம். "எட்டு வருடம் கழித்து வேலைக்கு வந்தவரோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு குழுவுக்கு எத்தனை நாள் ஆகும்?"

அடுத்த நாள்தான் எனக்கு எழுதினீர்கள், ஜன்னலோர மேசை, நல்ல வெளிச்சம், தொந்தரவே இல்லை என்று.

அந்த ஒன்பது பக்கமும் மூன்று நாள் உங்கள் அறையில் சுற்றியிருக்கிறது அண்ணி. அவர்கள் ஐந்து பேரும் அதைப் படித்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. ஆறு மாதமாக எல்லோரையும் அதனிடம் கேளுங்கள், அதனிடம் கேளுங்கள் என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஆனால் இதை என்னிடம் கேட்டிருக்கலாமே. பதில் தெரிந்திருக்காது. பஸ் ஏறி வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.

அந்தப் பதினொன்றாவதை அறிக்கையில் சேர்க்கவில்லை. பதிவிலிருந்தும் அழிக்கச் சொல்லி அழித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வருகிறேன். எனக்கும் சேர்த்துச் சமையுங்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வாலு